கல்முனைக் கரையோரத்தில் ஷாபிஈ சட்ட உரைநூல்கள்: பதிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்து முஸ்லிம்களுட் பெரும்பாலோர் சட்டநெறியில் இமாம் ஷாபிஈயின் மத்ஹபைத் தழுவியவர்கள். இச்செய்தி வரலாற்று நூல்களிற் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அச்சட்டம் எந்த நூலின் வாயிலாக, அந்நூலின் எந்தப் பதிப்பின் வாயிலாக இம்மக்களை வந்தடைந்தது என்னும் வினாவோ அத்துணை எழுப்பப்படவில்லை. தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இத்தகைய வினா புதியதன்று. 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையரும் பதிப்பித்த காலந்தொட்டுப் பாடவேறுபாட்டு ஆராய்ச்சி தமிழ்ப் புலமையின் ஓர் அங்கமாகவே இருந்து வருகிறது. செய்யுளிற் பாடம் மாறினால் சுவை மாறும். சிலவேளை பொருளும் மாறும். சட்டநூலிற் பாடம் மாறினால் ஒரு பெண்ணின் வீடு கைமாறக்கூடும்.

கல்முனைக் கரையோரத்தை நோக்குவோர்க்கு இக்கூற்று மிகையாகத் தோன்றாது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிப் பொத்துவில் வரை, இடையிடையே தமிழூர்கள் கலந்து, தொடர்ந்து செல்லும் இம்முஸ்லிம் ஊர்கள் 1961இல் அம்பாறை மாவட்டம் தோன்றும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. தாய்வழிக் குடிமுறையும், மணமான பின் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழும் வழக்கமும் இப்பகுதித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. மகளுக்கு வீடு கொடுத்தே மணஞ் செய்விப்பர். அவ்வீடு பல வேளைகளில் தாய் தன் தாயிடமிருந்து பெற்ற வீடாகவே இருக்கும். தாய் புதிதாகக் கட்டிய சிறுவீட்டுக்கோ, அடுத்த வளவுக்கோ பெயர்ந்து செல்வாள். இவ்வாறு கொடுக்கப்படும் வீடு நொத்தாரிசு முன்னிலையில் நன்கொடை உறுதியாக எழுதப்படும்போது, அது ஊர்வழக்கின் எல்லையைக் கடந்து சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது.

முஸ்லிம்களின் மரபுரிமை பற்றிய 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நம்பிக்கைப் பொறுப்பு முதலிய தளைகள் இல்லாத நன்கொடைகளுக்கு, கொடுப்பவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் முஸ்லிம் சட்டமே ஏற்புடையது என்று விதிக்கின்றது. மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டாலன்றி எந்த நன்கொடை உறுதியும் மீளப்பெற முடியாததாகக் கொள்ளப்படலாகாது என்றும் அது கூறுகின்றது. எனவே மகளுக்குக் கொடுத்த வீட்டைத் தாய் திரும்பப் பெறலாமா என்னும் வழக்கு எழுமாயின், விடையை ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலேயே தேடல் வேண்டும். அந்நூல்கள் யாவை?

நூல்வழியை முதலிற் சுருக்கமாகக் காண்போம். இமாம் ராபிஈ (இறப்பு ஹிஜ்ரி 623, கி.பி. 1226) 'அல்முஹர்ரர்' என்னும் நூலை இயற்றினார். அதைச் சுருக்கியும் திருத்தியும் சிரியா நாட்டு இமாம் நவவி (இறப்பு 676, 1277) 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்னும் நூலை ஆக்கினார். இம்மின்ஹாஜுக்கு எழுந்த உரைகள் பல. ஜலாலுத்தீன் மஹல்லி (இறப்பு 864, 1459), இப்னு ஹஜர் ஹைத்தமி (இறப்பு 974, 1567), கத்தீப் ஷிர்பீனி (இறப்பு 977, 1570), ஷம்சுத்தீன் ரம்லி (இறப்பு 1004, 1596) ஆகியோரின் உரைகள் அவற்றுள் தலையாயவை. இப்னு ஹஜரின் 'துஹ்பா'வும் ரம்லியின் 'நிஹாயா'வும் பிற்காலத்தில் மத்ஹபின் இறுதிச் சொல்லாகவே மதிக்கப்பட்டன. இருவரும் முரண்படுமிடத்து எகிப்தியர் ரம்லியையும், ஹழரமௌத்தாரும் மலையாளக் கரையாரும் இப்னு ஹஜரையும் பின்பற்றுவது வழக்கமாயிற்று. இவ்வுரைகளுக்கும் உரைக்குறிப்புகள் எழுந்தன. மூலத்தை மத்ன் என்றும், உரையை ஷரஹ் என்றும், உரைக்குறிப்பை ஹாஷியா என்றும் ஆலிம்கள் வழங்குவர்.

தமிழ் உரைமரபை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பரிமேலழகரோ நச்சினார்க்கினியரோ மூலத்தைத் தனியே நிறுத்தி அதன்கீழ் உரை வகுப்பர். எது வள்ளுவர் வாக்கு, எது உரைகாரர் வாக்கு என்பதில் ஐயம் எழுவதில்லை. அறபு உரைகளிற் பெரும்பாலானவை அவ்வாறன்று. மூலத்தின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் சொற்களுக்கிடையே இழைத்து, இரண்டும் ஒரே வாக்கியமாக ஓடும்படி எழுதுவதே அவர்தம் முறை. மருதமுனைத் தறியிற் பாவும் ஊடும்போல என்று கூறலாம். கையெழுத்துப் படிகளில் மூலத்தைச் சிவப்பு மையால் எழுதினர், அல்லது மேற்கோடிட்டனர். கெய்ரோவில் அச்சுக்கூடங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் சிவப்பு மையின் இடத்தை அடைப்புக்குறி பிடித்தது. அடைப்புக்குறி ஒரு சொல் முந்தியோ பிந்தியோ விழுந்தால், 13ஆம் நூற்றாண்டின் நவவி கூறியது 16ஆம் நூற்றாண்டின் இப்னு ஹஜர் கூறியதாகிவிடும்; இவர் கூறியது அவர் கூறியதாகும். வாக்கியமோ பிழையின்றி ஓடும். ஆதலால் அத்தவறு கண்ணிற்படுவதும் அரிது.

இனி, இந்நூல்கள் இக்கரையை அடைந்த வழிகளை நோக்குவோம். வழி மூன்று. அவை ஒன்றோடொன்று சந்தித்தது குறைவு.

முதலாவது நீதிமன்றத்தின் வழி. ஒல்லாந்தர் தம் பத்தாவியா ஆட்சியில் முஸ்லிம்களுக்கெனத் தொகுத்த சட்டக்கோவையை இலங்கைக்கும் கொணர்ந்தனர். ஆங்கிலேயர் அதனைத் தழுவி 1806இல் முஹம்மதியச் சட்டக்கோவையை வெளியிட்டனர். 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. இக்கோவை கூறாதுவிட்ட இடங்களில் நீதிபதிகள் மூலநூலை நாடவேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கிடைத்த மின்ஹாஜும் பத்தாவியாவிலிருந்தே புறப்பட்டமை வியப்புக்குரியது. ஒல்லாந்த அறிஞர் வான் டென் பெர்க் 1882 முதல் 1884 வரை அங்கு மூன்று தொகுதிகளாக அறபு மூலத்தையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் பதிப்பித்தார். சிங்கப்பூரில் மாவட்ட நீதிபதியாயிருந்த ஹவர்ட் என்பார் அப்பிரெஞ்சை ஆங்கிலமாக்கி 1914இல் இலண்டனில் வெளியிட்டார். இலங்கை நீதிமன்றங்களில் மின்ஹாஜ் என்று எடுத்துக்காட்டப்பட்டது பெரும்பாலும் இந்த ஆங்கில நூலே. அறபிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும் வந்த இந்நூலிற் பெரிய உரைகளின் விரிவு இல்லை. வான் டென் பெர்க்கின் சட்டப்பணியை அவர் காலத்திலேயே ஸ்நூக் ஹுர்குரொன்யே கடுமையாகக் கண்டித்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது மத்ரஸாவின் வழி. ஆலிம்களின் கையில் இருந்தது வேறு நூல். மலையாளக் கரையின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் தாமே இயற்றிய 'குர்ரத்துல் ஐன்' என்னும் சிறுநூலுக்குத் தாமே எழுதிய உரையாகிய 'பத்ஹுல் முஈன்' (ஹிஜ்ரி 982, கி.பி. 1574-75) கேரளத்திலும், ஷாபிஈகள் வாழும் தமிழகக் கரையூர்களிலும், இலங்கை அறபுக் கல்லூரிகளிலும் பாடநூலாக ஓதப்பட்டு வந்தது. ஓதச் சென்றோர் தென்னிந்தியாவிலிருந்தும், ஹஜ்ஜுக்குச் சென்றோர் மக்காவிலிருந்தும் கிதாபுகளைக் கொணர்ந்தனர். மக்காவில் ஆசிரியராயிருந்த ஸெய்யித் பக்ரி (இறப்பு 1310, 1893) பத்ஹுல் முஈனுக்கு எழுதிய நான்கு தொகுதி உரைக்குறிப்பாகிய 'இஆனத்துத் தாலிபீன்' அவ்வாறு வந்தவற்றுள் முதன்மையானது.

மூன்றாவது வீட்டின் வழி. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அறபுத் தமிழில் ஆக்கிய 'பத்ஹுத் தய்யான்', அறபு இலக்கணம் ஓதாத ஆண்களும் பெண்களும் தம் கடமைகளைத் தாய்மொழியில் அறிய உதவியது. இலங்கையில் இந்நூல் பெற்ற செல்வாக்குக்கு 1963இல் கொழும்பில் வெளிவந்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே சான்று.

மூன்றும் ஷாபிஈ நூல்களே. ஆனால் ஒரு நூலின் மூலம் மட்டும் நீதிபதியிடமும், வேறொரு நூலின் உரை ஆலிமிடமும், மற்றொன்றின் தமிழ்ச் சுருக்கம் வீட்டிலும் இருந்தபோது, 'மத்ஹபு இவ்வாறு கூறுகிறது' என்று மூவரும் கூறியது ஒன்றேயாகுமா?

தாய் கொடுத்த வீட்டை எடுத்துக்கொள்வோம். நன்கொடை, கொடுப்பவரின் அனுமதியுடன் பெறுபவர் கையேற்ற பின்னரே அவருடைமையாகும். கையேற்ற பின் பிறர் அதை மீளப்பெற முடியாது. தந்தை தன் பிள்ளைக்குக் கொடுத்ததை மட்டும், அது பிள்ளையின் உடைமையில் நிற்குமளவும், மீளப்பெறலாம். இது மத்ஹபின் நிலை. தந்தைக்குரிய இவ்வுரிமை தாய்க்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் உண்டு என்று நவவி தொடர்ந்து கூறி, அவ்விடத்தில் ஒரு சொல்லைச் சேர்க்கிறார்: 'மஷ்ஹூர்'. பிரசித்தமானது என்பது அதன் நேர்ப்பொருள். அகராதிப் பொருளோடு நிற்பவர் இச்சொல்லின் வலுவை அறியமாட்டார். நவவி தம் முன்னுரையிற் சில சொற்களைக் குறியீடுகளாக வகுத்துள்ளார். இமாம் ஷாபிஈயின் கூற்றுகளே இரண்டாக நின்று, விலக்கப்பட்ட கூற்றும் வலுவுடையதாயின், ஏற்ற கூற்றை 'அழ்ஹர்' என்பார். விலக்கப்பட்டது வலுவற்றதாயின் 'மஷ்ஹூர்' என்பார். இமாமின் வழிவந்த அறிஞர்களின் கருத்துகள் முரண்பட்டால் இதே முறையில் 'அஸஹ்', 'ஸஹீஹ்' என்பார். ஆகவே தாயின் உரிமையை மறுக்கும் கூற்று ஒன்று உண்டு, அது வலுவற்றது என்னும் முழு வரலாறும் அந்த ஒரு சொல்லுள் அடங்கியுள்ளது. உரைகாரர் அம்மறுப்பை வெளிப்படையாக எடுத்துரைப்பர்: மீளப்பெறும் உரிமையைக் கூறும் நபிமொழி தந்தையை மட்டுமே குறித்தது, ஆதலால் அதனைத் தந்தையோடு நிறுத்தல் வேண்டும் என்பதே அது.

தாய்வழியாக வீடு செல்லும் ஒரு கரையில் இந்தச் சொல் எத்துணை முக்கியமானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மஷ்ஹூரின் இடத்தில் அழ்ஹர் நின்றால், மறுப்புக் கூற்று வலுப்பெற்று, மகளின் சார்பில் வாதிடுவோர்க்குப் பிடி கிடைக்கும். அஸஹ், ஸஹீஹ் என்னும் இரண்டுக்குமிடையே அறபு எழுத்தில் உள்ள வேற்றுமை இரண்டோர் எழுத்தே. படியெடுப்போன் கண்ணும் அச்சுக்கோப்போன் கையும் எளிதிற் பிறழும் இடம் அது. உரையின் பயனொன்று இங்குப் புலனாகின்றது. மூலத்தின் ஒரு சொல் மாறினாலும், எதிர்க்கூற்று எது, அதன் வலு எத்தகையது என்று உரை கூறிச் செல்வதால், பிழைபட்ட பாடம் உரையோடு ஒட்டாது நிற்கும். உரை மூலத்தின் காவல். மூலத்தை மட்டும் மொழிபெயர்த்த நூலுக்கு அக்காவல் இல்லை.

திருமணச் சட்டத்தில் இது இன்னும் கூர்மையடைகின்றது. கன்னிப்பெண்ணை அவளது சம்மதமின்றியே தந்தை மணஞ் செய்விக்கலாம், ஆயினும் சம்மதம் கேட்பது விரும்பத்தக்கது என்பது மின்ஹாஜின் மூலம் கூறுவது. அம்மூலத்தை மட்டும் படிப்பவர் தந்தையின் தனியதிகாரத்தையே காண்பார். உரைகளைத் திறந்தால் நிபந்தனைகள் வரிசையாக எதிர்ப்படும். தந்தைக்கும் மகளுக்குமிடையே வெளிப்படையான பகைமை இருத்தலாகாது. மாப்பிள்ளை அவளுக்கு நிகரானவனாக இருத்தல் வேண்டும். மஹரைக் கொடுக்கும் ஆற்றலுடையவனாகவும் இருத்தல் வேண்டும். பத்ஹுல் முஈன் மஹரை அவளையொத்த பெண்களுக்கு வழங்கும் அளவில் வைத்துக் கூறுகிறது. நிகரற்றவனுக்குக் கொடுத்தால் அத்திருமணம் செல்லாது; மஹர் கொடுக்க வழியற்றவனுக்குக் கொடுத்தால் செல்லுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்ததையும் ஸைனுத்தீன் குறித்துச் செல்கிறார். சட்டநூல் என்பது விதி மட்டுமன்று, விதியைப் பற்றிய வாக்குவாதமுங்கூட என்பதை உணர்த்தும் பகுதி இது.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தரப்பினரின் நிலையையும் உரிமைகளையும் அவரவர் பிரிவின் சட்டப்படியே தீர்மானிக்குமாறு காதிமாரைப் பணித்தது. அச்சட்டம் மணமகளின் கையொப்பத்தை வேண்டிநிற்கவில்லை. 2009இல் நீதியரசர் ஸலீம் மர்ஸூப் தலைமையில் அமைக்கப்பட்டு 2018இல் அறிக்கை அளித்த குழு ஆராய்ந்த விடயங்களுள் இதுவும் ஒன்று. 'பிரிவின் சட்டம்' என்பது மூலமா, உரையா என்று சட்டவாசகம் கூறவில்லை. ஒரே வழக்கில், மூலத்தைத் திறக்கும் காதிக்கும் இஆனத்துத் தாலிபீனைத் திறக்கும் காதிக்கும் இடையே, பகைமை பற்றி மகளிடம் கேட்கவேண்டுமா இல்லையா என்பதிலேயே வேறுபாடு தோன்றிவிடும்.

இஆனத்தின் பழைய கெய்ரோப் பதிப்புகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பக்கத்தின் நடுவே ஸெய்யித் பக்ரியின் குறிப்புகள். ஓரத்திற் குறுகிய பத்தியாகப் பத்ஹுல் முஈன். பாடநூலே ஓரத்திலும் அதன் குறிப்பு நடுவிலும் நிற்கும் இவ்வமைப்பு புதியவருக்குத் தலைகீழாகத் தோன்றும். குறிப்பு ஒவ்வொன்றும் உரையின் ஒரு சொல்லை எடுத்தே தொடங்குவதால், நடுவில் எடுத்தாளப்பட்ட சொல்லும் ஓரத்தில் அச்சான சொல்லும் பொருந்துகின்றனவா என்று ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுவிடலாம். கையெழுத்துப் படிகள் சிலவற்றிற் பாடம் வேறு என்று ஸெய்யித் பக்ரியே இடையிடையே சுட்டுவதும் உண்டு. பதிப்பாராய்ச்சி ஐரோப்பியரிடமிருந்து வந்த கலை என்று எண்ணுவோர் இப்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தல் நன்று. மக்கா ஹரமிலே பாடஞ் சொல்லிய ஒருவர் மாணவர்க்காக அதனைச் செய்திருக்கிறார்.

உரைக்குறிப்புகளிற் பயிலும் எழுத்துக் குறியீடுகள் மற்றுமோர் இடர். மீமும் ரேயும் சேர்ந்தால் ரம்லி; ஐனும் ஷீனும் சேர்ந்தால் அவருரைக்குக் குறிப்பெழுதிய அலி ஷப்ராமல்லிஸி; ஸீனும் மீமும் இப்னு காஸிம். இப்னு ஹஜருக்குரிய குறியீடு ஹேயும் ஜீமும். அவ்வெழுத்துகளையே சேர்த்து வாசித்தால் 'ஹஜ்' என்னும் கடமையின் பெயராகும். வாங்கல் விற்றல் பாடத்தில் ஹஜ் ஏன் வந்தது என்று திகைக்கும் புதிய மாணவனை எண்ணிப்பார்க்கலாம். இது போலவே பத்ஹுல் முஈனில் 'எம் ஆசிரியர்' என்று மட்டும் வருமிடத்து அது இப்னு ஹஜரையே குறிக்கும். இம்மரபை ஆசிரியர் வாயிலாகக் கேட்டறிந்தவனுக்கே அச்சுநூல் முழுமையாகப் பேசும்.

அறபுத் தமிழ் நூல்களைத் தமிழெழுத்திற்கு மாற்றுமிடத்து இழப்பு வேறு வகையானது. அறபெழுத்தில் மூன்றாக நிற்கும் ஸீன், ஸாத், ஸே என்பவற்றுட் பலவும் தமிழில் ஒரே ஸகரமாகிவிடுகின்றன. இரண்டு ஹகரங்கள் ஒன்றாகின்றன. நீதி வழங்குபவரைக் காதி என்றும் காழி என்றும் காளி என்றும் மூவகையாக எழுதும் நமது வழக்கமே ஒரேயோர் அறபெழுத்தின் அலைவுக்குச் சான்று. அறபுத் தமிழ் வரிவடிவத்தில் இக்குழப்பம் இல்லை. அது தமிழொலிகளுக்கெனச் சில எழுத்துகளைப் புள்ளியிட்டு ஆக்கிக்கொண்டு, அறபுக் கலைச்சொற்களை எழுத்து மாறாமல் விட்டுவிட்டது. அவ்வரிவடிவத்தை வாசிக்கத் தெரிந்த மூதாட்டியர் குறைந்துவருவதோடு இந்நுட்பமும் குறைந்து வருகின்றது.

அண்மைக்காலப் பதிப்புகள் பலவற்றைத் திருத்தியுள்ளன. பஸ்ஸாம் அல்ஜாபி பதிப்பித்த பத்ஹுல் முஈன் 2004இலும், ஜித்தாவின் தாருல் மின்ஹாஜ் நிறுவனத்தின் மின்ஹாஜ் பதிப்பு 2005இலும் வெளிவந்தன. பின்னது கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு, உயிர்க்குறிகள் இட்டு அச்சிடப்பட்டது. ஆயின் இப்போது மாணவர் பலர் முதலில் நாடுவது 'அல்மக்தபா அஷ்ஷாமிலா' முதலான கணினி நூலகங்களையே. தேடும் சொல் நொடியில் கிடைக்கிறது. கிடைத்த வாக்கியம் பக்கத்தின் நடுவிலிருந்து வந்ததா, ஓரத்திலிருந்து வந்ததா என்பதைத் திரையிற் காண்பது எளிதன்று. மூலம், உரை, குறிப்பு ஆகிய மூன்றும் ஒரே எழுத்தளவில் ஒரே ஒழுக்காக நிற்கும்போது, 13ஆம் நூற்றாண்டும் 19ஆம் நூற்றாண்டும் அடுத்தடுத்த வரிகளாகிவிடுகின்றன.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தை வாரிச்சென்றபோது, ஆயிரக்கணக்கான உயிர்களோடு வீடுகளும் போயின. வீட்டு அலுமாரிகளில் இருந்த கிதாபுகளும் போயின. உயிரிழப்பின் முன் நூலிழப்பைக் கூறுவது தகாது என்றே அதனை எவரும் கணக்கெடுக்க முற்படவில்லை போலும். பழைய கெய்ரோப் படிகளின் மதிப்பு அவற்றின் அச்சில் மட்டும் இருக்கவில்லை. ஓதிய ஆலிம்கள் ஓரத்திலும் ஓரத்தின் ஓரத்திலும் எழுதிவைத்த குறிப்புகளிலும் அது இருந்தது: இங்கே ரம்லி மாறுபடுகிறார், இந்தச் சொல் வேறு படியில் இவ்வாறுள்ளது என்பன போன்றவை. கரையிலிருந்து உள்ளே தள்ளியுள்ள சம்மாந்துறை போன்ற ஊர்களின் பள்ளிவாசல்களிலும், அட்டாளைச்சேனைக் கிழக்கிலங்கை அறபுக் கல்லூரி போன்ற நிலையங்களிலும், பழைய ஆலிம் குடும்பங்களின் வீடுகளிலும் எஞ்சியுள்ள படிகளை நூற்பட்டியலாக்கும் பணிக்கு, 1995இல் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் உள்ளது. பட்டியலில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டும் போதா. அச்சகம், ஆண்டு, நடுவில் உள்ள நூல், ஓரத்தில் உள்ள நூல், கையால் எழுதிய குறிப்புகள் உண்டா, உண்டாயின் யாருடையவை என்ற விவரங்களும் அதில் இடம்பெறல் வேண்டும்.